அடைத்த காற்றின் அழகு

பழைய ஸ்பீக்கரை விலைபேச வருகிறவர்கள் வந்ததும் வராததுமாக முன்துணியைக் கழற்றிவிடுகிறார்கள். உள்ளே எது கெட்டிருக்கிறது, எது பிழைத்திருக்கிறது என்று பார்த்துவிடுகிற பதற்றம். கொஞ்சம் பொறுங்கள். அந்தத் துணியையே முதலில் பார்ப்போம், வாருங்கள். ஏ.ஆர்-3ஏ என்ற இந்த ஸ்பீக்கரை அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த அக்கவுஸ்டிக் ரிசர்ச் நிறுவனம் 1967-இல் வெளியிட்டது. அதன் முகத்தை மூடியிருப்பது லினன் சாயலுள்ள, சற்றே முரடான நெசவு. இழைகளில் சில தடித்தும் சில மெலிந்தும் ஓடுகின்றன. அந்த ஏற்ற இறக்கமே கண்ணுக்கு ஓர் இதம். பளபளப்பு இல்லை, படாடோபம் இல்லை, கீழ் மூலையில் சின்னஞ்சிறு உலோக முத்திரை, அவ்வளவே. வீட்டுக் கூடத்தில் புத்தக அலமாரியோடு அடக்கமாகச் சேர்ந்திருக்கட்டும் என்று நினைத்துத் தேர்ந்த துணி அது.

துணி நிறையச் சொல்லும். நாலாபுறமும் ஒரே சீராகப் பழுப்பேறியிருந்தால் புகை பிடிக்கிறவர் வீட்டில் நெடுநாள் வாழ்ந்த ஜோடி. ஒன்று வெளுத்து மற்றது நிறம் மாறாமல் இருந்தால், ஒன்றுக்கு ஜன்னலோரம் வாய்த்திருக்கிறது. அந்தப் பெட்டியின் மரமும் வெயிலில் வெளிறியிருக்கும், பக்கவாட்டைத் தடவிப் பாருங்கள். விரல் நுழைகிற அளவில் ஓர் ஓட்டை தெரிந்தால் மட்டும் கொஞ்சம் கவலைப்படலாம். எந்தக் குழந்தையின் ஆர்வமோ, அந்த ஓட்டைக்கு நேர் பின்னால் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. மேல் ஒலியை எழுப்பும் ட்வீட்டர் இருக்கும் இடம் என்றால் விலையை இறக்கிப் பேச வேண்டியதுதான்.

துணியிலிருந்து கண்ணை மெல்ல மரத்துக்கு நகர்த்துங்கள். ஏறக்குறைய 63 சென்டிமீட்டர் உயரம், 35 அகலம், 29 ஆழம். எடை 24 கிலோ. இந்த அளவுக்குள் அடங்கிய பெட்டிக்கு இந்தக் கனம் ஒரு வியப்பு. தூக்கும்போது முதுகு உணர்கிற அந்தத் திண்மையில்தான் பாதி நம்பிக்கை பிறக்கிறது. எண்ணெய் பூசிய வால்நட் மரத்தோல் போர்த்தியவை பரவலாகக் கிடைக்கின்றன. பூச்சே இல்லாத பைன் மரத்திலும் விற்றார்கள். வாங்குகிறவர் தம் கைப்படச் சாயமேற்றிக்கொள்ளலாம். மரத்தைப் பொறுத்து அன்றைய விலை ஒன்றுக்கு 225 முதல் 250 டாலர். ஒலி எல்லாவற்றிலும் ஒன்றே. மரத்துக்கு மட்டுமே விலை வித்தியாசம் என்று ஒளிக்காமல் சொன்ன அந்த வியாபார நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும்.

வால்நட்டின் வரியோட்டத்தைச் சாய்வான வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மேல்தட்டில் தொடங்கும் ஒரு கருவரி நெளிந்து, அகன்று, நடுவில் ஒரு கண்ணாகச் சுழித்து, மறுபடி மெலிந்து விளிம்பில் மறைகிறது. அதன்மேல் எவரோ வைத்த பூந்தொட்டியின் வட்டக்கறை ஒன்று எப்படியும் இருக்கும். இல்லாத ஜோடியை நான் அபூர்வமாகத்தான் கண்டிருக்கிறேன். அதைக் கண்டு பின்வாங்காதீர்கள். ஆனால் மின்சாரத் தேய்ப்பான் பக்கமும் போகாதீர்கள். மரத்தோல் மெல்லியது, ஒரு முறை தேய்ந்து அடிப்பலகை தெரிந்துவிட்டால் அதற்கு மாற்றில்லை. மிக நைசான உப்புத்தாளை விரலில் பிடித்து, வரியோட்டத்தின் திசையிலேயே, அழுத்தாமல் இழுத்து, பிறகு வேகவைத்த ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டு ஒற்றினால் போதும். சாம்பல் பூத்திருந்த மரம் அந்த ஈரத்தில் தேன்நிறத்துக்குத் திரும்பும்போது, கறை முழுவதும் போகவில்லையே என்ற குறைகூட மறந்துபோகும். (எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்துக் காயவையுங்கள், தானே சூடேறித் தீப்பிடிக்கிற குணம் அதற்கு உண்டு.)

இனி இந்தப் பெட்டியின் உயிர் எங்கே இருக்கிறதோ அங்கே வருவோம். கண்ணால் காண முடியாதது. உள்ளே அடைபட்டிருக்கும் காற்று.

எட்கர் வில்ச்சர் என்ற மனிதர் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஒலி மறு ஆக்கம் பற்றிப் பாடம் நடத்தியவர். 1950-களின் தொடக்கத்தில் அவரை ஒரு கேள்வி துரத்தியது. ஆழ்ந்த மந்திர ஒலியை எழுப்ப வேண்டுமானால் வூஃபரின் கூம்பு முன்னும் பின்னும் நெடுக அசைய வேண்டும். போன கூம்பைப் பழைய இடத்துக்கு இழுத்துவர ஒரு வில் வேண்டும். அதுவரை அந்த வேலையைக் கூம்பின் ஓரத்து மடிப்புகளும் அதன் அடியில் இருக்கும் தாங்கு துணியும் செய்துவந்தன. அவற்றின் இழுப்பு சீரானதில்லை: கொஞ்சம் நகர்ந்தால் ஒரு விதம், நிறைய நகர்ந்தால் வேறு விதம். அந்தச் சீர்கேடு அப்படியே ஒலியில் திரிபாக வந்து விழும். போதாக்குறைக்கு, ஆழமான ஒலி வேண்டுமென்றால் பீரோ அளவுக்குப் பெட்டியும் தேவைப்பட்டது. வில்ச்சர் கண்ட வழி எளிமையில் அழகு. ஓரத்தைத் தளர்த்திவிடு; கூம்பு ஏறக்குறைய மிதக்கட்டும்; பெட்டியைச் சிறிதாக்கிக் காற்றுப் புகாமல் அடை; உள்ளே சிக்கிய காற்றே வில்லாக இருக்கட்டும். சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு பிடியை அழுத்தி விட்டிருப்பீர்கள் அல்லவா, கையைத் திருப்பித் தள்ளுமே, அந்த வில். கூம்பு அசைகிற அளவுக்குள் எந்தத் துணியும் எந்த மடிப்பும் தர முடியாத சீரான தள்ளல் அது.

முதல் மாதிரியின் ஓர வளையத்துக்கு மெத்தை, தலையணை உறைகளுக்கான கெட்டித் துணியைப் பயன்படுத்தினார்கள். அந்தத் துணிவேலையில் வில்ச்சரின் மனைவி ரோஸ்மேரிக்கும் பங்குண்டு. புதியதொரு ஒலியியல் யுகம் வீட்டுத் துணியின் வெட்டிலும் தையலிலும் தொடங்கியது என்று நினைக்கும்போது மனத்துக்கு ஒரு நெருக்கம் வருகிறது. 1954-இல் வில்ச்சரும் அவருடைய மாணவர் ஹென்றி க்ளாஸும் சேர்ந்து கேம்பிரிட்ஜில் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ஏ.ஆர்-1 வந்தது, 1958-இல் ஏ.ஆர்-3 வந்தது, நம் 3ஏ அதன் நேர் வாரிசு. அதன் வூஃபர் வெளியே தனியாக இருக்கும்போது நொடிக்குச் சுமார் 18 அதிர்வில் இயல்பாக ஊசலாடும். பெட்டிக்குள் பூட்டிவிட்டால் அது 42-க்கு ஏறிவிடும். இரண்டு எண்களுக்கும் நடுவே உள்ள அந்த இடைவெளி முழுக்க முழுக்கக் காற்றின் கைவரிசை.

ஆகவே பழைய ஜோடியைச் சோதிக்கும் கலையின் முதல் நயமும் இந்தக் காற்றில்தான் இருக்கிறது. மின்சாரம் வேண்டாம், கருவி வேண்டாம். துணியைக் கழற்றி, இரு கைகளின் விரல் நுனிகளையும் கூம்பின் மேல் எதிரெதிராகச் சமமாக வைத்து, பூவைத் தொடுகிற பதத்தில் உள்ளே அழுத்துங்கள். சற்று நேரம் அப்படியே பிடித்திருந்துவிட்டு விரலை எடுங்கள். கூம்பு வெடுக்கென்று துள்ளி வந்தால் பெட்டி எங்கோ ஒழுகுகிறது. நிதானமாக, ஓர் எதிர்ப்பை உணர்ந்துகொண்டே, தயங்கித் தயங்கி எழுந்து தன்னிடம் வந்து சேர்ந்தால் அடைப்பு நன்றாக இருக்கிறது என்று பொருள். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு தொழிலாளி வூஃபரின் விளிம்பைச் சுற்றி அப்பிய பிசின் இன்றும் வேலை செய்கிறது! அந்த எழுச்சியை ஒருமுறை பார்த்தவர்கள் மறுபடி மறுபடி அழுத்திப் பார்ப்பார்கள். நானும் அப்படித்தான், விற்கிறவர் முகம் சுளிக்கும்வரை.

அழுத்தும்போதே காதைப் பக்கத்தில் வையுங்கள். காந்தத்தின் இடுக்கில் வாய்ஸ் காயில் உரசுகிற கரகரப்பு கேட்டால் கதை வேறு. சுருள் தீய்ந்து புடைத்திருக்கலாம், நடு விலகியிருக்கலாம். மௌனமாகப் போய் மௌனமாக வந்தால் அந்த வூஃபரின் நெஞ்சு சுத்தம். மற்றதெல்லாம் சரிசெய்து கொள்ளலாம்.

'மற்றதெல்லாம்' என்றேனே, அதில் தலையாயது ஓர வளையம். 3ஏ-யின் தொடக்க ஆண்டுகளில் வந்த வூஃபர்களுக்குத் துணி வளையம். பிறகு வந்தவற்றுக்குப் பாலியூரத்தேன் ஃபோம். துணி அழிவதில்லை, அதன் மேல் பூசியிருந்த ரப்பர்ப் பூச்சு காலப்போக்கில் காய்ந்து, இழைகளின் வழியே காற்று கசியத் தொடங்குகிறது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஊசித்துளை ஊசித்துளையாகத் தெரியும். பியூட்டைல் ரப்பர்க் கரைசலை மெல்லிய தூரிகையால் ஒரே ஒரு பூச்சு பூசினால் மீண்டும் மூடிக்கொள்ளும். கெட்டியாகப் பூசுகிறவர்கள் அந்த மிதப்பைக் கொன்றுவிடுகிறார்கள். வில்ச்சர் எதைத் தளர்த்தினாரோ அதையே இவர்கள் இறுக்குகிறார்கள்.

ஃபோமின் விதி வேறு. ஈரக்காற்றும் பிராணவாயுவும் அதை உள்ளூர அரித்துவிடும். பதினைந்து, இருபது ஆண்டுகளில் விரல் பட்டாலே ஒட்டும் கரும்பழுப்புத் துகளாக உதிர்கிறது. நன்றாக வைத்திருந்த பெட்டியிலும் உதிரும். யாரும் கேளாமல் பரண்மேல் கிடந்த பெட்டியிலும் உதிரும். ஆதலால் ஃபோம் உதிர்ந்திருப்பதைக் குறையென்று எண்ணவே வேண்டாம். விற்கிறவர் அதைப் பெருங்கேடாக நினைத்து விலையைக் குறைத்தால், அது உங்கள் அதிர்ஷ்டம்.

புதிய வளையம் ஒட்டுவது பொறுமையின் வேலை. அதில் ஓர் ஒயிலும் உண்டு. பழைய பசையை ஆல்கஹாலில் ஊறவைத்து, பிசிறு பிசிறாக உரித்தெடுக்க வேண்டும். கூம்பின் விளிம்பு காகிதம், அவசரப்பட்டால் கிழியும். அந்த விளிம்பு சுத்தமாகி, ஐம்பது ஆண்டுகளாக ஃபோமுக்கு அடியில் வெளிச்சம் படாமல் இருந்த கருமை வெளிவரும்போது, கூம்பின் எஞ்சிய பரப்பு எவ்வளவு வெளிறியிருக்கிறது என்பது அப்போதுதான் கண்ணில் படும். முதலில் வளையத்தைக் கூம்போடு மட்டும் ஒட்டி உலர விடுங்கள். பிறகு சட்டத்தோடு ஒட்டும்போது, மெதுவாக இறுகும் பசையாகப் பூசிக்கொண்டு, ஆம்பிளிஃபயரிலிருந்து 30 அதிர்வு அளவிலான தாழ்ந்த ஒலியைச் சன்னமாகச் செலுத்துங்கள். கூம்பு மூச்சுவிடும். அந்த அசைவிலேயே விரலால் வளையத்தை இம்மி இம்மியாக நகர்த்தி, உரசல் இல்லாத நடுவைக் காதால் தேடிப் பிடிக்க வேண்டும். அளவுகோல் சொல்லாத நடுவைக் காது சொல்லும். பசை இறுகும்வரை அங்கேயே உட்கார்ந்திருப்பவர்தான் நல்ல வேலைக்காரர்.

வூஃபருக்கு மேலே பார்வையை உயர்த்துங்கள். இரண்டு சிறிய வட்டங்கள். அவைதாம் இந்த ஸ்பீக்கரின் நகைகள்.

கூம்புக்குப் பதிலாகக் குவிமாடம். 1958-இல் ஏ.ஆர்-3 வழியாக வில்ச்சர் உலகுக்குக் கொடுத்த இரண்டாவது கொடை இது. உயர்ந்த சுருதிகளைக் கூம்பு நேர் முன்னால் இருப்பவருக்கு மட்டுமே பாய்ச்சும்; பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு மங்கலாகவே போய்ச் சேரும். சின்னஞ்சிறு குவிமாடமோ அறை முழுவதும் பரப்பும். 3ஏ-யில் நடு ஒலிக்கு ஒன்றரை அங்குலக் குவிமாடம், மேல் ஒலிக்கு முக்கால் அங்குலம். இன்று உலகெங்கும் விற்கிற ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவற்றின் நெற்றியில் இருப்பது இந்த முக்கால் அங்குலத்தின் வழித்தோன்றல்தான். நடுக் குவிமாடத்தின் மேல் ஒரு கம்பி வலை; அதனடியில் மெல்லிய கண்ணாடியிழைப் பஞ்சு. தூசு என்று நினைத்து அந்தப் பஞ்சைப் பிடுங்கி எறிந்தவர்கள் உண்டு. அது தூசு அல்ல, ஒலியின் கூர்மையைத் தணிக்க வேண்டுமென்றே வைத்தது.

ட்வீட்டரை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்க்கச் சொல்வேன். தலைமுடி அளவே தடித்த இரண்டு கம்பிகள் குவிமாடத்தின் ஓரத்திலிருந்து புறப்பட்டு, வெளிமுகத்திலேயே வளைந்து சென்று, இருபுறமும் பற்றவைத்த இடத்தில் அடங்குகின்றன. ஒரு கை அந்த வளைவை இட்டிருக்கிறது. கம்பி அதிர்வில் அறுந்துவிடாதபடி எவ்வளவு தொய்வு வேண்டும் என்று அந்தக் கைக்குத் தெரிந்திருக்கிறது. துணியின் ஓட்டை வழியே நுழைந்த விரல் முதலில் அறுப்பது இதைத்தான். வெளியே அறுந்திருந்தால் கூர்முனைப் பற்றுக்கோலும் நடுங்காத விரலும் காப்பாற்றிவிடும். உள்ளே சுருளில் அறுந்திருந்தால் மல்டிமீட்டர் சில ஓம்களுக்குப் பதிலாக எதுவுமே காட்டாது. அங்கே நம் திறமைக்கு எல்லை வந்துவிடுகிறது.

ஆனால் 'ட்வீட்டர் போய்விட்டது' என்று தீர்ப்பெழுதுவதற்கு முன்னால் பெட்டியைத் திருப்பி முதுகைப் பாருங்கள். எத்தனையோ நல்ல ட்வீட்டர்கள் செய்யாத குற்றத்துக்குப் பழி சுமக்கின்றன! பின்னால் 1, 2, டி என்று மூன்று திருகுமுனைகள் இருக்கும். இரண்டையும் டி-யையும் ஒரு சிறு உலோகத் தகடு இணைத்திருக்க வேண்டும். வீடு மாறும்போது அந்தத் தகடு தொலைந்திருந்தால் மேல் இரண்டும் ஊமை. ஒரு துண்டு செம்புக் கம்பியில் தீர்கிற வியாதி.

தகடு இருந்தும் ஒலி இல்லையா? அப்படியானால் அந்த இரண்டு குமிழ்கள். நடு ஒலிக்கு ஒன்று, மேல் ஒலிக்கு ஒன்று. அறைக்குத் தக்கபடி கூட்டவும் குறைக்கவும். உள்ளே கம்பி சுற்றிய வளையமும் அதன்மேல் வழுக்கிச் செல்லும் ஓர் உலோக நாக்கும். ஒன்றுக்கொன்று ஒவ்வாத இரண்டு உலோகங்கள் காலமெல்லாம் தொட்டபடி இருந்தால் என்ன ஆகும்? பச்சையாகக் களிம்பு பூத்துவிடும். ஒலி அங்கே வந்து நின்றுவிடும். இசை ஓடும்போது குமிழை மெல்லத் திருகிப் பாருங்கள். கரகரவென்று சீறி, ஏதோ ஓர் இடத்தில் திடீரென்று வயலினின் மேல்ஸ்தாயி பளிச்சென்று எழும். இன்னும் ஓர் இழை திருகினால் அணைந்துபோகும். அந்த ஒரு கணப் பளிச்சிடல் கிடைத்துவிட்டதா? வாங்கிவிடுங்கள். இந்த ஸ்பீக்கரைச் சோதிக்கும் கலையில் எனக்கு மிகப் பிடித்த கணம் அதுதான்.

குமிழைக் கழற்றிப் பிரித்தால் உள்ளே பீங்கான் உடலும் கம்பிச் சுற்றும் அடக்கமான நேர்த்தியோடு வெளிப்படுகின்றன. நைசான தாளால் களிம்பைத் தேய்த்து, நாக்கைச் சற்று நிமிர்த்தி, மின்தொடர்புக்கான பசை துளி தடவிப் பூட்டினால் பல ஆண்டுகள் உழைக்கும். அதை வீசிவிட்டுப் புதிய தணிப்பானை வைப்பவர்களைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் பிரித்துத் துலக்குகிற சுகம் தெரிந்தவர்கள் அப்படிச் செய்வதில்லை.

கெப்பாசிட்டர்களைப் பற்றி அதிகம் சொல்ல மனமில்லை. அதைப் பற்றிச் சண்டையிடுகிறவர்களே போதுமானவர்கள். 575 அதிர்விலும் 5000 அதிர்விலும் ஒலியைப் பிரித்துக் கொடுப்பதற்காக 150, 50, 6 மைக்ரோஃபேரட் என்று மூன்று அளவுகள் உள்ளே இருக்கின்றன. வயதானால் இவற்றின் மதிப்பு விலகும், உள்தடை கூடும். அளந்து பாருங்கள்; விலகியிருந்தால் அதே மதிப்பில் மாற்றுங்கள். விலையுயர்ந்ததைப் போட்டால் ஒலி வானுலகம் போகும் என்று சொல்கிறவர்களுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகருங்கள். அவற்றின் அருகிலேயே இருக்கும் செம்புச் சுருள்களைப் பார்ப்பதில் நேரம் செலவிடலாம். இழைக்கு இழை இடைவெளி இல்லாமல் சுற்றிய அந்தச் செம்பு இன்னும் செந்நிறம் மாறாமல் மின்னுகிறது. சுருளுக்கு மூப்பு இல்லை.

சரி, எந்த ஜோடியைப் புதுப்பிக்கலாம், எதை விட்டுவிட வேண்டும்? வளையம், குமிழ், கெப்பாசிட்டர், துணி, மேல்தட்டுக் கறை, இந்த ஐந்தும் சேர்ந்து கெட்டிருந்தாலும் நான் தயங்கமாட்டேன். இவையெல்லாம் தேய்வதற்கென்றே பிறந்தவை. நான் பார்ப்பது மறுபடி செய்ய முடியாதவற்றை. நான்கு குவிமாடங்கள் உயிரோடு இருக்கின்றனவா? இரண்டு வூஃபர்களும் பிறந்த பெட்டியிலேயே இருக்கின்றனவா? பெட்டியின் மூட்டுகள் ஈரத்தில் உப்பிப் பிளக்காமல் இருக்கின்றனவா? வூஃபரை யாராவது மாற்றியிருந்தால், புதியது எவ்வளவு உயர்ந்ததானாலும், எனக்கு வேண்டாம். அந்த அளவுக் காற்றுக்கென்றே தளர்த்திச் செய்த கூம்பு போய், வேறு பெட்டிக்கென்று இறுக்கிச் செய்த கூம்பு உட்கார்ந்திருக்கும், வில் இரண்டாகிவிடும். வெளிப்பார்வைக்கு மாசு மறுவில்லாமல் மின்னும் அந்த ஜோடியைவிட, ஃபோம் உதிர்ந்து பூந்தொட்டிக் கறையோடு நிற்கும் முழு ஜோடி ஆயிரம் மடங்கு அழகு. உதிரிப் பாகத்துக்கென்று மலிவாகக் கிடைத்தால் அது வேறு விஷயம்.

புதுப்பித்த பிறகு எதைக் கேட்பது? இந்த ஸ்பீக்கர்களைச் செய்தவர்கள் அதற்கும் ஒரு வழி காட்டியிருக்கிறார்கள். நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் இந்த நிறுவனம் ஓர் இசையறை வைத்திருந்தது. ரயிலுக்குக் காத்திருப்பவர்கள் உள்ளே போய் உட்கார்ந்து கேட்கலாம். அங்கே எதையும் விற்கமாட்டார்கள். இன்னொன்று அதைவிடத் துணிச்சல். ஃபைன் ஆர்ட்ஸ் குவார்ட்டெட் என்ற நால்வர் குழு மேடையில் வாசிக்கும். நடுவில் ஓரிடத்தில் வில்லைத் தந்தியில் படாமல் பாவனையாக மட்டும் இழுக்கும். அந்த இடத்தில் பதிவு செய்த இசையை ஏ.ஆர்-3 ஏந்திக்கொள்ளும். எங்கே வாசிப்பு நின்று எங்கே பெட்டி தொடங்கியது என்று சபையோர் கண்டுபிடிக்கத் திணறினார்கள். ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸும் இசைக்குழு நடத்துநர் கராயனும் இந்த ஸ்பீக்கர்களைத் தம் வீட்டில் வைத்திருந்ததை விளம்பரங்கள் சொல்லிக்கொண்டன. அந்த நால்வரின் மேடைச் சோதனைக்கு முன் விளம்பரம் எம்மாத்திரம்!

நான் மிருதங்கம் வைப்பேன். வலந்தலையின் மீட்டுச் சொல்லில் குவிமாடத்தின் குணம் தெரிந்துவிடும். உலோகக் கூச்சம் இல்லாமல், தோலின் மேல் விரல் பட்ட அந்த நொடி மட்டும் தனியே எழுந்து நிற்க வேண்டும். ஆனால் நான் காத்திருப்பது தொப்பிக்கு. ரவை பூசிய இடந்தலையில் உள்ளங்கை அழுந்தி இழுக்க, கும்கி எழுந்து, மேலேறி, வளைந்து மறைகிறதே, அந்த வளைவை எத்தனையோ ஸ்பீக்கர்கள் ஒரு 'தம்' ஒலியாகச் சுருக்கிவிடுகின்றன. 3ஏ சுருக்குவதில்லை. ஏறுவதும் வளைவதும் தேய்வதும் ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் கேட்கின்றன. கொஞ்சம் நல்ல ஆம்பிளிஃபயர் மட்டும் வேண்டும். நான்கு ஓம் ஸ்பீக்கர் இது, சக்தியைத் தாராளமாகக் கேட்கும். மெலிந்த ஆம்பிளிஃபயரை மாட்டிவிட்டு ஸ்பீக்கர் மந்தம் என்று சொல்வது நியாயமில்லை.

மந்தம் என்ற பேச்சு மேல் ஒலியைப் பற்றியும் உண்டு. இன்றைய ஸ்பீக்கர்களோடு பக்கத்தில் வைத்தால் 3ஏ-யின் உச்சம் அடங்கியே கேட்கும். செய்தபோதே அடக்கமாகச் செய்தது. போகப்போகக் குவிமாடத்தைத் தாங்கும் மெத்தென்ற பொருளும் இறுகி இன்னும் கொஞ்சம் அடங்கியிருக்கும். இப்போது கிடைக்கிற மாற்று ட்வீட்டர்களைப் பொருத்தினால் பளிச்சென்று ஆகும் என்பது உண்மை. மாற்றியவர்களின் வீட்டில் கேட்டுமிருக்கிறேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் பழைய ட்வீட்டர் சமமாக இரு பெட்டிகளிலும் பாடுகிற வரையில் நான் அதைக் கழற்றமாட்டேன். அரங்கின் ஏழாவது எட்டாவது வரிசையில் உட்கார்ந்து கேட்டால் வயலினும் ஜால்ராவும் எவ்வளவு கூர்மையோடு காதுக்கு வருமோ அவ்வளவையே அது தருகிறது. துலக்கிய குமிழை முழுக்கத் திறந்து வைத்துக்கொள்கிறேன், எனக்கு அது போதும். முன்வரிசை வேண்டுமென்பவர்கள் மாற்றிக்கொள்ளட்டும். கழற்றியதை மட்டும் தூக்கி எறியாமல், ட்வீட்டர் தேடி அலைகிற இன்னொரு 3ஏ-க்காரருக்குக் கொடுத்துவிட வேண்டும்.